இல்லம் திரும்பிய இரும்பு மகள்

பழகிப்போன பூதத்தைக் கொண்டு மீண்டும் அச்சமூட்டுவது எளிய காரியமன்று. முதல் நாள் அலறிய குழந்தையே பத்தாம் நாள் அதற்குச் செல்லப் பெயர் வைத்து விளையாடத் தொடங்கிவிடும். கதை புனைவோர் இதற்குக் காணும் பரிகாரம் பெரும்பாலும் ஒன்றே: பூதத்தின் உருவைப் பெரிதாக்குவர், அல்லது ஒன்று நின்ற இடத்தில் நூறு நிறுத்துவர். இவ்விரண்டும் செய்யாமல் வென்ற ஓர் ஒலி நாடகத்தைப் பற்றி இம்மாதம் நம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். 2002-ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் பிக் ஃபினிஷ் நிறுவனத்தார் குறுந்தகட்டில் வெளியிட்ட ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்பதே அது. எழுதியவர் மார்க் பிளாட்.

‘டாக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரை பி.பி.சி. தொலைக்காட்சியார் 1963-இல் தொடங்கினர். காலத்தைக் கடந்து பிரயாணம் செய்யும் டாக்டர் என்பவரே அதன் நாயகர். 1966 அக்டோபரில் ஒளிபரப்பான ‘தி டென்த் பிளானட்’ கதையில் சைபர்மேன் என்னும் கூட்டத்தார் முதன்முதலாகத் தோன்றினர். அவர்களைக் கற்பித்த இருவருள் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். மற்றவர் ஜெரி டேவிஸ். பழுதுற்ற உறுப்புகளுக்குப் பதிலாகச் செயற்கை உறுப்புகளைப் பொருத்திக்கொண்டே போனால், இறுதியில் மனிதன் என்று சொல்ல என்ன எஞ்சும் என்ற பெட்லரின் கவலையே அப்பூதங்களாக உருவெடுத்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கவலை மறைந்து, அவர்கள் வெறும் உலோகப் படைவீரர்களாகிவிட்டனர்.

பிளாட் செய்தது யாதெனில், அவர்களை அவர்கள் பிறந்த வீட்டிற்கே அழைத்துச் சென்றதுதான். பூமியின் இரட்டைக் கிரகமாகிய மாண்டஸ், சூரியனைப் பிரிந்து இருளில் மிதந்து போகிறது. எஞ்சிய மக்கள் நிலத்தடியில் ஒரே நகரத்தில் வாழ்கிறார்கள். கிரகத்தைச் செலுத்தும் யந்திரத்தை அமைக்க யாரேனும் மேற்பரப்பிற்குச் சென்றாக வேண்டும். மனித உடல் அங்கே தாங்காது. ஆகவே உடலை மாற்றுகிறார்கள். அங்குள்ள கொடுமையைக் கண்டு மனம் பேதலிக்கிறது; ஆகவே உணர்ச்சியையும் நீக்குகிறார்கள். இவற்றைச் செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர். குடிகளைக் காக்க வேறு வழி காணாதவர்கள். ஒவ்வொரு படியும் நியாயமாகவே தோன்றுகிறது. படிகள் முடியும் இடத்திலோ பூதம் நிற்கிறது.

அந்நகரில் ஹார்ட்லி என்னும் எளிய குடும்பம். மகன் வேலைக்கு அழைப்பு வராதா என்று துடிக்கிறான். அழைப்போ நோயாளியான மகள் இவானுக்கு வருகிறது. போனவள் ஒரு நாள் திரும்புகிறாள், இரும்பு உருவில். வழி மட்டும் நினைவிருக்கிறது. தந்தையை அறியும் அறிவு மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டாரைக் கொல்ல வந்த பூதமன்று, வீட்டைத் தேடி வந்த பிள்ளை! இக்காட்சியைக் கேட்டபோது நமக்குத் தொண்டை அடைத்தது. உத்தியோகத்தின் பொருட்டு ஊர் பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒலி நாடகம் என்பதே இங்குப் பெரும் பலமாயிற்று. உருவத்தைக் கண்டால் உடையும் முகமூடியும் கண்ணில் படும். குரலுக்கு முகமூடி இல்லை. 1966-இல் சைபர்மேன் பேசிய விதம் விசித்திரமானது: சொற்களில் தவறான இடத்தில் அழுத்தம் கொடுத்து, ஏற்ற இறக்கம் பொருளோடு பொருந்தாமல் இழுத்துப் பேசுவர். பின்னர் அக்குரலைக் கைவிட்டார்கள். நிக்கலஸ் பிரிக்ஸ் அதனையே மீண்டும் கொணர்ந்தார். பேசத் தெரிந்தும் பேச்சின் பொருளை மறந்தவன் குரல் அது. அத்தகைய குரலில் ஒரு மகள் தந்தையோடு பேசுவதைக் கேட்பதினும் அச்சம் தருவது வேறில்லை.

டாக்டராகப் பீட்டர் டேவிசனும், அவருடன் செல்லும் நிஸ்ஸாவாகச் சாரா சட்டனும் நடித்துள்ளனர். 1982-இல் வெளியான தொலைக்காட்சிக் கதையொன்றில் இவர்களுடைய தோழன் அட்ரிக், சைபர்மேன் தாக்குதலின் விளைவாக மாண்டவன். ஆகையால், வரலாற்றை மாற்றலாகாது என டாக்டர் தயங்குவதும், மாற்றினால் என்ன என நிஸ்ஸா வாதாடுவதும் வெறும் தர்க்கமாக நிற்கவில்லை, துக்கத்திலிருந்து எழுகின்றன. ஆயினும் டாக்டரின் உடலமைப்பே அப்பூதங்களுக்கு மாதிரியாகிறது என்னும் திருப்பம் நமக்கு மிகையாகவே பட்டது. எல்லா முடிச்சும் நாயகரிடமே வந்து முடிய வேண்டுமா?

செயற்கை உறுப்பையே இந்நாடகம் பழிக்கிறதோ என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அன்று. நம் நாட்டில் 1968-இல் உருவான ஜெய்ப்பூர்க் கால், காலிழந்த எத்தனையோ பேரை மீண்டும் நடக்கச் செய்திருக்கிறது. அந்தக் கால் மனிதனை அவன் வயலுக்கும் வீட்டிற்கும் திருப்பி அனுப்புகிறது. மாண்டஸின் கையும் காலுமோ மனிதனை வீட்டிலிருந்து பிரித்து வேலைக்கு மட்டும் உரியவனாக்குகின்றன. பொருத்தியது எது என்பதைவிட, எதற்காகப் பொருத்தினார்கள் என்பதே கேள்வி.

2006-இல் தொலைக்காட்சியில் சைபர்மேன் புதுப்பிறவி எடுத்தபோது, பெயர்ப்பட்டியலில் மார்க் பிளாட்டுக்கு நன்றி கூறப்பட்டது. அம்மரியாதைக்கு அவர் உரியவரே.

நாடகம் நான்கு பகுதிகளைக் கொண்டது. ஆங்கிலம் சற்று விரைவாகவே ஓடுகிறது. முன்கதை அறியாதோர்க்கும் விளங்கும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுடன் பெற்றோரும் உடனமர்ந்து, நாளொன்றுக்கு ஒரு பகுதியாகக் கேட்பது நலம். மூன்றாம் நாள் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடை சொல்லப் பெற்றோர் ஆயத்தமாக இருப்பார்களாக.