ராத்திரி சாவி எங்கே இருக்கு?

உங்களிடம் ஒரு கேள்வி. ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டிய பிறகு உங்கள் வீட்டில் சாவி எங்கே இருக்கும்? அப்பாவின் தலையணைக்கு அடியிலா, பீரோ மேலேயா, அம்மாவின் பையிலா? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். நிறையப் பேர் "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றார்கள்.

தீயைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் சிலிண்டர், பட்டாசு, ஒயரிங் என்றுதான் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் தீயை விடப் பூட்டுக்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும் என்பது என் கருத்து.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, நம் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் இருந்து யாத்திரை வந்தவர்கள், பாவம். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதவு பூட்டியிருந்தது என்று தப்பியவர்கள் சொன்னதாகவும் அப்போது செய்தி வந்தது. எனக்கு அதுதான் மறக்கவில்லை.

அதற்கு முன்னால், நாமெல்லாம் பிறக்காத 2001-ல், ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் எரிந்தது. அங்கே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் சத்துணவுக் கூடத்துத் தீ கூரையில் பிடித்தது. இறந்த குழந்தைகள் 94 பேர். வெளியேறக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. மூன்று இடத்திலும் தீப்பிடித்த காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு வழி சரியில்லை.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகைகளை எடுத்தார்கள். பள்ளிக்கு அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். நம் வீட்டை ராத்திரி யார் வந்து பார்ப்பது? எங்கள் வளவில் எல்லா வீட்டுக்கும் ஒரே வாசல். ஜன்னல் முழுக்கக் கம்பி. சந்துக்குள் சைக்கிளைத் திருப்புவதே கஷ்டம், தீயணைப்பு வண்டி எங்கே வரும்? கேட்டில் தொங்குவது திண்டுக்கல் பூட்டு! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. லேசில் உடையாது. அதுதான் பிரச்சினையே.

இதைச் சொன்னால் பெரியவர்கள் உடனே, "அப்ப திருடன் வந்தா என்ன பண்றது?" என்பார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். நான் பூட்ட வேண்டாம் என்று சொல்லவில்லையே! சாவிக்கு ஓர் ஆணி போதும். வெளியே இருந்து கை விட்டால் எட்டக்கூடாது, உள்ளே எல்லோருக்கும் எட்ட வேண்டும். ஏழு வயது தம்பிக்கும்தான்.

தீயை விடப் புகைதான் முதலில் ஆளை மயக்கும். கரண்டும் போய்விட்டால் கண்ணே தெரியாது. அந்த நேரத்தில் பீரோ மேலே சாவியைத் தேட முடியுமா? புகை மேலே ஏறும் என்பதால் குனிந்து அல்லது தவழ்ந்து வர வேண்டும். கேஸ் வாடை அடித்தால் கதை வேறு. கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ண வேண்டும். தீ என்றால் 101.

எங்கள் வீட்டில் இப்போது பேசி முடிவு செய்திருக்கிறோம். அப்பத்தாவுக்கு மூட்டு வலி, வேகமாக நடக்க முடியாது. அவரை அப்பா தூக்க வேண்டும், தம்பி கையை நான் பிடிக்க வேண்டும், அம்மா கேட்டைத் திறக்க வேண்டும். எல்லோரும் தெருமுனைக் குழாயடியில் நிற்க வேண்டும். ஓர் இடம் என்று சொல்லி வைக்காவிட்டால், ஏற்கெனவே வெளியே வந்தவரைத் தேடி இன்னொருவர் உள்ளே ஓடுவார். நகை, சர்டிபிகேட் எதற்கும் திரும்பிப் போகக்கூடாது. (அம்மா இதற்கு மட்டும் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.)

போன ஞாயிற்றுக்கிழமை விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை பார்த்தோம். தம்பி சாவியைச் சரியாக எடுத்துவிட்டான், ஆனால் பூட்டு இறுகிப் போய்த் திறக்கவே இல்லை. அப்பா தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு மறுபடி பார்க்கப் போகிறோம்.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு