அச்சுப்பொறி வாங்குமுன் ஒரு வகுத்தல் கணக்கு

சேலம்–தருமபுரி நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூரில் ஒரு குடும்பம், பாடக் குறிப்புகளை அச்சிடக் கருப்பு-வெள்ளை அச்சுப்பொறி வாங்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் முதற் கேள்வி என்ன? "எது விலை குறைவு?" இந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து. பொறிக்குக் காசு கொடுப்பது ஒரு முறை; மைக்குக் கொடுப்பதோ பல முறை!

ஆகவே மையின் விலையை அது தரும் பக்கங்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, 800 ரூபாய்க் கார்ட்ரிட்ஜ் 160 பக்கம் தந்தால் பக்கத்திற்கு 5 ரூபாய். 1,500 ரூபாய் டோனர் 1,500 பக்கம் தந்தால் 1 ரூபாய்தான்.

இன்க்ஜெட் பொறி திரவ மையை நுண்துளைகள் வழியே தெளிக்கிறது. பல நாள் சும்மா கிடந்தால் மை உலர்ந்து துளைகள் அடைபடலாம். லேசர் பொறியின் டோனரோ உலர்ந்த தூள். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதுபோல நிலைமின்சாரம் அத்தூளை இழுக்கிறது; வெப்பம் அதை உருக்கித் தாளில் ஒட்டுகிறது. நகல் எடுப்பதற்காக 1938இல் செஸ்டர் கார்ல்சன் கண்ட வழி இது. வெப்பத்திற்கு மின்சாரம் அதிகம் வேண்டும்; சிறிய இன்வெர்ட்டர் தாங்காது.

தினமும் நிறைய அச்சிடுவோருக்கு மைத்தொட்டிப் பொறி நல்லது. அவ்வப்போது அச்சிடுவோருக்கு லேசர். மாதம் 10 பக்கமே போதுமென்றால்? 12,000 ரூபாய்ப் பொறி 10 ஆண்டு உழைத்தாலும் 1,200 பக்கம்தான். மை, தாள் நீங்கலாகவே பக்கத்திற்கு 10 ரூபாய்! அத்தகைய வீடு கடையில் அச்சிட்டுக்கொண்டு, மிச்சப் பணத்தில் புத்தகம் வாங்கட்டும்.