18 வயதானால் துணை வேண்டாமா?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது இலஞ்சி. சுற்றிலும் வயல். மேற்கே மலை. குமரன் கோவில் கொண்ட ஊர்.

சீசன் நாட்களில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஏராளம். பெரும்பாலோர் குளித்துக் களிக்க வருகிறார்கள். வேறு காரணத்துக்காக வருகிறவர்களும் உண்டு. "அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும்" என்பது நெடுநாள் நம்பிக்கை. அதை நம்பி, மனம் கலங்கிய பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள்.

அருவி உடம்புக்குச் சுகம். ஆனால் மனநோய்க்கு அது மருந்து அல்ல. அருவியை நம்பி மாத்திரையை நிறுத்தினால், அடங்கி இருந்த நோய் திரும்பி வரும்.

என்றாலும், அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒருவர் கூடவே வருகிறாரே, அதை மட்டும் குறைவாக எண்ணக் கூடாது.

எந்த வயதில் வருகிறது?

பெரும்பாலான மனநோய்கள் 25 வயதுக்கு முன்பே தலைகாட்டி விடுகின்றன. படிப்பு முடியும் நேரம். வேலை தேடும் நேரம். நன்றாக இருந்த பையன் தூங்க மாட்டான். கதவைச் சாத்திக்கொள்வான். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்வான். குளிக்க மாட்டான். கல்லூரிக்குப் போக மாட்டான்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? "காதல் தோல்வி" என்பார் ஒருவர். "செய்வினை" என்பார் இன்னொருவர். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகப் போகும்" என்பாள் பாட்டி. கல்யாணம் மருந்து அல்ல. ஒன்றும் அறியாத ஒரு பெண்ணையும் அந்தத் துன்பத்தில் இழுத்து விடுவதுதான் மிச்சம்.

இப்படியே மாதங்கள் ஓடிவிடும். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வரும். ஆஸ்பத்திரியில் தங்கித்தான் சிகிச்சை பெற வேண்டும் என்பார் டாக்டர்.

அங்கே பிள்ளையுடன் யார் தங்குவது?

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம். 18 வயது நிரம்பாத பிள்ளையை மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தால், சேர்த்த நாள் முதல் வீட்டுக்குப் போகும் நாள் வரை துணை ஒருவர் கூடவே தங்க வேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்லியும் இதைத் தட்ட முடியாது.

18 வயது நிரம்பிவிட்டதா? அந்தக் கட்டாயம் போய்விட்டது!

நேற்று வரை 17 வயது. துணை இல்லாமல் படுக்கை இல்லை. இன்று பிறந்த நாள். தனியாக விட்டுவிட்டு வந்தாலும் கேட்பார் இல்லை. நோய் பிறந்த நாள் பார்த்தா வருகிறது?

பிள்ளையை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை கண்டது. 2001 ஆகஸ்டு 6. விடியாத நேரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள். சங்கிலியால் கட்டப்பட்டு இருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. நோய் தீரும் என்று நம்பியவர்கள்தான். வேறு வழி தெரியாதவர்கள். இன்று சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம்.

வேலூரில் ஒரு வழக்கம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் 1957-ல் ஒரு மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பையனுக்கு மாத்திரை கொடுக்கும்போதே, மாத்திரை எதற்கு என்பதைத் தாய்க்கும் சொல்லிக் கொடுக்கலாம். வீடு திரும்பிய பிறகு நோய் மறுபடி தலைதூக்கினால், அதை முதலில் கண்டுபிடிக்கப் போகிறவள் அவள்தானே!

வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூர் டாக்டர்கள் ஆராய்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மந்திரம், மாயம் இல்லை. காலையில் வழிபாடு. பிறகு கோவிலில் சின்னச் சின்ன வேலை. அச்சுறுத்துவார் இல்லை. சில வாரங்களில் நோயின் வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்து இருந்தது. பரிவான இடத்தின் பலன் அது. மருந்தை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருந்தோடு பரிவும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒன்றை மறக்கக் கூடாது. 18 வயது நிரம்பியவன் பெரிய ஆள். தன் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. தனக்காகப் பேச யார் வேண்டும் என்பதை அவனே முன்கூட்டி எழுதி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. "அம்மா வேண்டாம், அக்காள் இருக்கட்டும்" என்று அவன் சொன்னால் அக்காள்தான் இருக்க வேண்டும். துணை என்பது காவல் அல்ல.

கூலி யார் தருவது?

இலஞ்சி வயலில் நடவுக்குப் போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மூன்று வாரம் மகனுடன் ஆஸ்பத்திரியில் இருந்தால் மூன்று வாரக் கூலி போச்சு. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். அடுப்பு எப்படி எரியும்? "துணைக்கு இரு" என்று அவளுக்கு வாயால் சொல்வது எளிது.

காச நோயாளியின் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2024-ல் அரசு உயர்த்தியது. மனநல வார்டில் பிள்ளையுடன் தங்கும் தாய்க்கும் அப்படி ஒரு தொகை தரலாம். அவள் படுக்க ஒரு கட்டில், சாப்பிட மூன்று வேளைச் சோறு. மாவட்டத்துக்கு ஒரு வார்டாவது இப்படி வேண்டும்.

அது வரும் வரை ஒரு டெலிபோன் எண் இருக்கிறது: 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கியது. பகலோ இரவோ பேசலாம். கட்டணம் இல்லை. தமிழில் பதில் சொல்வார்கள்.