பின்னாடி ஹார்ன் அடிக்கிறாங்களா? அடிக்கட்டும்!

இந்த வாரம் கொஞ்சம் வெயிட்டான மேட்டர். நிஜமாவே வெயிட்... 18.5 டன்! சாதாரண ஆறு சக்கர லாரி சரக்கோட சேர்த்து இவ்வளவு இருக்கலாம்னு 2018-ல் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. அதுக்கு முன்னாடி 16.2 டன்தான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் படிக்கிறவங்க உங்க கிளாஸ்ல விசாரிச்சுப் பாருங்க. அப்பா லாரி ஓட்டுறார், மாமா லாரி வச்சிருக்கார்னு ஒருத்தராவது சிக்குவாங்க. மில்லுக்குப் பஞ்சு பேல் வர்றதும் லாரியில, நூல் போறதும் லாரியில. அதனால டிகிரி முடிச்சு வேலைக்குக் காத்திருக்கிற பையனைப் பார்த்து, "சும்மாதானே இருக்கே, ஹெவி எடுத்துட்டு வண்டியில ஏறு"ன்னு வீட்டில் சொல்றது இங்கே சகஜம். 20 வயசு முடிஞ்சு, லைட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தா எல்.எல்.ஆர். போட்டுடலாம். ஆனா, முதல் நாள் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது உள்ளங்கை வேர்த்து வழுக்குமே, அதுக்கு என்ன பண்றது?

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. புது டிரைவருக்கு வர்றது ஒரு பயம் இல்லை, ரெண்டு. ஒண்ணு வண்டியைப் பார்த்து வர்றது. இன்னொண்ணு சுத்தி இருக்கிற ஆளுங்களைப் பார்த்து வர்றது. ரெண்டும் ஒண்ணா கலந்து வர்றதாலதான் குழப்பமே.

வண்டியைப் பார்த்து வர்ற பயம் நல்ல பயம். விஷயம் தெரியத் தெரிய அது அளவாகும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கிளம்பத் துடிக்காதீங்க. ஏர் பிரேக் வண்டின்னா காத்து ஏறணும். டேஷ்போர்டு முள் பச்சைக்கு வர்ற வரைக்கும் வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்து டயர், தார்ப்பாய், கயிறு எல்லாம் பாருங்க. அந்த நடையிலேயே பாதிப் படபடப்பு இறங்கிடும். அடுத்தது திருப்பம். முன் சக்கரம் போற தடத்துல பின் சக்கரம் வராது, உள்பக்கமா வெட்டிட்டு வரும். அதனாலதான் அனுபவசாலிகள் இடது பக்கம் திரும்ப, முதல்ல வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்குறாங்க. கிளீனர் எட்டிப் பார்த்து "வரலாம்... வரலாம்"னு குரல் கொடுக்கிறதும் சும்மா இல்லை. டிரைவர் உட்கார்ந்திருக்கிறது வலது ஓரம், இடது பக்கம் ஒட்டி வர்றது அவர் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், வேகம். 30-ல் போற வண்டி 60-ல் போனா, பிரேக் போட்ட பிறகு நிற்கிற தூரம் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. ஸ்கூல் ஃபிசிக்ஸ்தான். பின்னாடி ஒவ்வொண்ணும் 170 கிலோ எடையில பஞ்சு பேல் அடுக்கியிருக்கும்போதுதான் அந்த ஃபார்முலா உறைக்கும்!

இந்தப் பயத்தை முழுசா விரட்டவும் கூடாது. 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு அமெரிக்கர்கள் எலிகளை வச்சு சோதனை பண்ணினாங்க. அதிலிருந்து வளர்ந்த கருத்து இதுதான்: பதற்றம் ஓவரா இருந்தாலும் வேலை கெடும், துளிகூட இல்லைன்னாலும் கெடும்.

இப்போ ரெண்டாவது பயம். ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 11 கிலோமீட்டர்தான். அதுக்குள்ள உங்களை விரட்ட எத்தனை பேர்! பின்னாடி பஸ் ஹார்ன், ஓனர் போன், டீக்கடை வாசலில் நின்னு "புதுசு போல"ன்னு சிரிக்கிறவர். வண்டி ஆஃப் ஆனா மானம் போச்சேன்னு கிளட்ச்சைப் பட்டுனு விடுறோம். சந்து தெரியாமலே ஓவர்டேக் பண்றோம். என்னைக் கேட்டா, புது டிரைவரைக் கவிழ்க்கிறது இந்தப் பயம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொன்னா டக்குனு புரியும். ஆடிப்பூரத் தேர் பார்த்திருப்பீங்க. ஆயிரக்கணக்கான கை வடத்தைப் பிடிச்சு இழுக்கும், கோஷம் காதைப் பிளக்கும். ஆனா தேர் எங்கே திரும்பணும், எங்கே நிற்கணும்னு முடிவு பண்றது சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு கட்டை போடுறவர்தான். அவர் கூட்டத்தைப் பார்க்க மாட்டார், சக்கரத்தை மட்டும்தான் பார்ப்பார். இப்போ தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்துடுச்சு. ஆனாலும் கட்டை போடுறவரோட அந்தக் கவனம் லாரி டிரைவருக்கு அப்படியே வேணும். பின்னாடி ஹார்ன் அடிச்சா பதில் சொல்ல வேண்டியதில்லை. ஓரமா இடம் கிடைச்சா ஒதுங்கி வழி விடுங்க. இல்லையா, அடிக்கட்டும். பேட்டரி அவங்களுது!

நிஜப் பரீட்சை மலையில. தென்காசி, செங்கோட்டை தாண்டி கேரளாவுக்கு லோடு போனா, புளியரை எஸ் வளைவில் தைரியசாலிக்கும் கொஞ்சம் அடிவயிறு கலங்கும். திரும்பி இறங்கும்போது "டீசல் மிச்சம் பண்ணு, நியூட்ரல்ல விடு"ன்னு யாராவது ஐடியா கொடுத்தா, கும்பிடு போட்டு மறுத்துடுங்க. ஏறின கியரிலேயே இறங்கணும். பாரத்தை இன்ஜின் பிடிக்கணும், பிரேக் கூடமாட உதவணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் சூடேறி, தேவைப்படுற நேரத்தில் பிடிக்காது. சந்தேகமா இருந்தா அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்க. லேட்டுக்குத் திட்டு விழும். வாங்கிக்குங்க.

கேலிக்குப் பயந்திருந்தா கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசு பஸ் ஓட்ட வந்திருக்கவே முடியாது. அப்போ தமிழ்நாட்டில் பஸ் ஓட்டுற பெண்ணை யாரும் பார்த்ததில்லை. போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படிச்சவர். கணவரை இழந்த பிறகு பிள்ளைகளுக்காக லாரி ஓட்டக் கத்துக்கிட்டு, கேரளா வரைக்கும் லோடு கொண்டு வந்தவர். படிச்ச பிள்ளை லாரி ஓட்டலாமான்னு கேட்கிற சொந்தக்காரங்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்க.

லாரிப் பக்கமே போகாத பைக் பார்ட்டிகளுக்கும் ஒரு வேலை இருக்கு. காலேஜுக்குப் பறக்கிற அவசரத்தில், முன்னாடி ஒரு லாரி திருப்பத்தில் தயங்கித் தயங்கி நின்னா, ஹார்ன்ல இருந்து கட்டை விரலை எடுத்துடுங்க. இடது பக்கச் சந்துல மட்டும் நுழையாதீங்க பாஸ். உள்ளே இருக்கிறது உங்க சீனியராக்கூட இருக்கலாம். அவர் கண்ணாடியில நீங்க இல்லை.