குடம்பையும் புள்ளும்

உயிர் உடலைப் பிரிதற்கு வள்ளுவர் நிலையாமை அதிகாரத்திற் (குறள் 338) கூறிய உவமை, புள்ளொன்று தன் குடம்பையை நீங்கிப் பறந்து போதலாம். குடம்பை யாது? மணக்குடவர் கூடென்றார். பரிமேலழகரோ, கூடு புள்ளுடன் தோன்றுவதன்று, புள் அதனுள் மீண்டும் புகும் என இரு காரணங்காட்டி, முட்டையென்றார். 1859 முதல் உதகமண்டலத்திற் பள்ளி நடத்திய போப்பையர், 1886-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிற் கூடென்றே கொண்டார். இது சிறு வேறுபாடன்று. முட்டையெனின் சாவு ஒரு பிறப்பாகிவிடும். கூடெனின் வெறுமையே எஞ்சும்.

கூடென்பதே எம் கருத்து. நீலகிரித் தேயிலைச் செடிகளிடையே சின்னான் கட்டும் கிண்ணம் போன்ற கூட்டை நோக்குமின். முட்டையினின்று வெளிப்படுங் குஞ்சு கண் திறவாதது, இறகற்றது, அது பறப்பதெங்ஙனம்? பறத்தல் நிகழ்வது சின்னாட் கழித்து, கூட்டிலிருந்தே. பறந்தபின் அக்குஞ்சு அதனுள் வாழ மீள்வதுமில்லை. உரையாசிரியர் பருவம் வந்தபொழுதென ஒன்றை வருவித்துரைத்தது இவ்விடர் கண்டே போலும்!

உடன் தோன்றாமை என்னும் முதற்காரணம் வலிதே. ஆயினும், உடம்பிற்கும் உயிர்க்கும் உள்ளதை வள்ளுவர் நட்பென்றாரன்றி உடன்பிறப்பென்றிலர். வேறு வேறாய் நின்ற இரண்டு கூடுதலன்றோ நட்பாவது?