நோன்பும் குடல் அழற்சியும்

முதிய வயதில் மலத்துடன் இரத்தமும் சளியும் வெளியேறினால், மூலம் என்றெண்ணி மறைத்து வைக்காதீர்கள். பெருங்குடல் அழற்சி நோய் 60 வயதைக் கடந்த பின்னரும் முதன்முறையாகத் தோன்றக்கூடும். அதுவா, புற்றுநோயா என்பதைக் கொலோனோஸ்கோபி பரிசோதனை தெளிவாக்கும்.

மூட்டுவலி மாத்திரைகள் சில இந்நோயைக் கிளறிவிடலாம். நீண்ட நாட்கள் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரையை நோன்புக்காகத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. நலமடைந்தபின் விடுபட்ட நோன்புகளைக் களாச் செய்யலாம். நலமடையும் நம்பிக்கையற்ற முதியவர், நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா நிறைவேற்றலாம். அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. ரமளானுக்கு முன்னரே மருத்துவரையும் ஆலிமையும் கலந்து முடிவு செய்யுங்கள்.

வெட்கத்தால் வாப்பாவும் உம்மாவும் வாய் திறவாதிருக்கலாம். பிள்ளைகளே, நீங்களே இதமாகக் கேளுங்கள்.