தொட்டுப் பார்க்காமல் வாங்கலாமா?

தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனால், துணியைக் கசக்கிப் பார்க்காமல் அம்மா பணப்பையைத் திறக்கவே மாட்டார். அவர் பிள்ளையாகிய நானோ, தொட்டே பார்க்காத மின்னூல் வாசிப்பானுக்குக் கல்விக் கடனிலிருந்து 600 வெள்ளியைத் தூக்கிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்!

மின்மைத் திரை கண்ணை உறுத்தாது, மின்கலம் வாரக்கணக்கில் தாங்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அப்படி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வாசிப்பவர்கள். 'கொ'வில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் விழுமா என்ற கவலை அவர்களுக்கு ஏது? கின்டல் வந்தது 2007இல்; அமேசான் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியதோ 2016இல்தான். மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகத் தரும் நூல்களைப் பிடிஎப் கோப்பாக இறக்கினால், 6 அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும்.

எனக்கு இது சின்ன விசயமல்ல. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். இன்று ஒரு பக்கத் தமிழைப் படிக்க ஆங்கிலத்தைவிட இருமடங்கு நேரமாகிறது. உடைந்த எழுத்தும் சேர்ந்துகொண்டால் ஒரே வாரத்தில் ஆங்கில நூலுக்குத் தாவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

ஆகவே, இப்போதைக்கு வாங்கப் போவதில்லை. விடுதியில் யாரிடமாவது வாசிப்பான் இருந்தால், ஒரே ஒரு மாலை இரவல் கொடுங்கள் நண்பர்களே! என் கோப்பைத் திறந்து பத்துப் பக்கம் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். தே தாரிக் என் செலவு.